தொய்யும் ஒளி

கொத்தனார் சுவர் எழுப்பும்போது இரு முனைகளிலும் ஆணி அடித்து நூல் கட்டுகிறார். ஆனால் அந்த நூலை அவர் முழுதாக நம்பிவிடுவதில்லை. நீளம் கூடினால் நடுவில் தொய்யும் என்று தெரியும். இடையில் ஒரு செங்கல்லை வைத்து நூலுக்கு முட்டுக் கொடுப்பார். இயந்திரக் கூடங்களிலும் வெகுகாலம் இதே வித்தைதான் நடந்தது. நீளமான லேத் பெட்டின் மேலே மெல்லிய பியானோக் கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். நகரும் சாடிலில் ஒரு மைக்ராஸ்கோப்பைப் பொருத்தி, கம்பியைப் பார்த்தபடியே சாடில் எந்த இடத்தில் விலகுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பியை ஒரு கிலோ எடை தொங்கவிட்டு 10 மீட்டருக்கு இழுத்தால், நடுவில் அது சுமார் முக்கால் மில்லிமீட்டர் தொய்யும். மைக்ரான் கணக்கில் வேலை செய்பவருக்கு இது மலை போன்ற பிழை. ஆனாலும் கம்பியின் எடை தெரியும், இழுவிசை தெரியும். தொய்வைத் தாளில் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். பக்கவாட்டு விலகலை மட்டும் பார்க்கிறோம் என்றால் தொய்வு குறுக்கே வருவதே இல்லை. நேர்மை என்ற சொல்லுக்குத் தமிழில் நேராக இருத்தல், உண்மையாக இருத்தல் என இரண்டு பொருள் உண்டு. கம்பிக்கு முதலாவது பொருந்தாது, இரண்டாவது பொருந்தும்.

லேசர் வந்தபின் கம்பி மூலைக்குப் போனது. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது பள்ளிப் பாடம். எடையே இல்லாத, தொய்யவே தொய்யாத நூல் கைக்கு வந்துவிட்டது என்று கூடத்தில் இருப்பவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. இந்த நினைப்பு எவ்வளவு தூரம் சரி என்பதுதான் இங்கே கேள்வி. இயந்திரத்தின் மேசையோ சாடிலோ நேராக ஓடுகிறதா என்று லேசரால் அளக்கும்போது, லேசருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த துல்லியம் அந்த வேலையில் ஏறக்குறையக் கலந்துகொள்வதே இல்லை என்பது என் வாதம். உண்மையில் அளவுகோலாக நிற்பவை ஒரு ஜோடிக் கண்ணாடி, அதைப் பிடித்திருக்கும் ஸ்டாண்ட், நடுவே கிடக்கும் காற்று ஆகிய மூன்றும்தான். பிழைகளை அங்கே போய்த் தேட வேண்டும்.

லேசரின் புகழ் எதனால் வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 632.8 நானோமீட்டர். இந்த எண் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பிசகும்படி லேசரை நிலைநிறுத்த முடியும். ஒரு மீட்டர் நீளத்தை அளக்கும்போது பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை என்றால் ஒரு மைக்ரான். ஆகவே நீள அளவீட்டில் அலைநீளத்தின் நிலைத்தன்மைதான் எல்லாம். காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றை அளந்து திருத்தம் செய்யும் சிறு கருவி ஒன்று பெட்டியோடு வருவதும் அதற்காகவே. நேர்த்தன்மை அளவீட்டுக்கு வந்தால் கணக்கு தலைகீழ். இங்கே அளக்கப்படும் பக்கவாட்டு விலகல் முழுவதுமே பத்து மைக்ரான் அளவுதான். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஓர் அணுவின் குறுக்களவைவிடச் சிறியது. நேர்த்தன்மையை அளக்கும்போதும் வளிமண்டல அழுத்தத்தைக் கவனமாகப் பதிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, பயனும் இல்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆங்கிலேய அறிவியலாளர் வொல்லாஸ்டனின் பெயரில் வழங்கும் ஒரு முப்பட்டகம் லேசர் கற்றையை இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று மெல்ல விலகிச் செல்கின்றன. சில மீட்டர் ஓட்டத்துக்கான கருவிகளில் அந்தக் கோணம் சுமார் 1.6 டிகிரி. எதிர் முனையில், அதே கோணத்துக்குப் பொருந்தும்படி சாய்த்துப் பதித்த இரு கண்ணாடிகள் ஒரே கட்டையில் இருக்கின்றன. கற்றைகள் அவற்றில் பட்டு வந்த வழியே திரும்பி முப்பட்டகத்தில் மறுபடி ஒன்று சேர்கின்றன. முப்பட்டகம் இயந்திரத்தோடு நகரும்போது சற்றே பக்கவாட்டில் விலகினால் ஒரு கற்றையின் பாதை நீளும், மற்றதன் பாதை குறையும். இந்த வேறுபாட்டைக் குறுக்கீட்டு விளைவால் எண்ணிவிடலாம். ஆக, விலகலை எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறோம்? லேசர் கற்றையிலிருந்து அளக்கவில்லை. இரு கண்ணாடிகளுக்கும் நடுவே, அவற்றின் கோணத்தைச் சமமாகப் பிரித்தபடி ஓடும் கற்பனைக் கோடு ஒன்று உண்டு. நூல் அதுதான்.

கோணம் சிறியதாக இருப்பதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. முப்பட்டகம் 36 மைக்ரான் பக்கவாட்டில் விலகினால், குறுக்கீட்டுமானிக்குத் தெரியும் நீள வேறுபாடு ஒரே ஒரு மைக்ரான். ஆகவே கருவி தான் கண்டதை 36ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. நீண்ட ஓட்டங்களுக்கான கருவியில் கோணம் இதில் பத்தில் ஒரு பங்கு, பெருக்கம் 360. பெருக்கும்போது கருவி நல்லது கெட்டது பார்ப்பதில்லை. உண்மையான விலகல் எவ்வளவு பெருகுகிறதோ, பாதையில் நுழைந்த பிழையும் அவ்வளவே பெருகும். கண்ணாடியின் தளம் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்குள் தட்டையானது என்று வைத்துக்கொள்வோம். 32 நானோமீட்டர், ஒளியியல் பட்டறையில் பெருமையோடு சொல்லக்கூடிய எண். 36ஆல் பெருக்கினால் 1.1 மைக்ரான் ஆகிவிடுகிறது. முப்பட்டகம் கண்ணாடிக்கு அருகே இருக்கும்போது கற்றைகள் கண்ணாடிகளின் உட்புறத்தில் படுகின்றன. 2 மீட்டர் தள்ளிப் போனதும் அவை 5.5 சென்டிமீட்டர் விலகி ஓரத்தை நோக்கிப் போயிருக்கும். இயந்திரம் ஓட ஓட, கற்றைகள் கண்ணாடியின் மேடு பள்ளங்களை வருடிக்கொண்டே போகின்றன. கண்ணாடியின் வடிவம் அப்படியே இயந்திரத்தின் வடிவமாகத் திரையில் வரையப்படுகிறது.

கண்ணாடிக் கட்டையை எதன்மேல் நிறுத்துகிறோம் என்பதும் சிறிய விஷயமல்ல. முப்பட்டகம் லேசாகச் சாய்ந்தால் அளவு அதிகம் கெடாது. கண்ணாடிக் கட்டை சாய்ந்தால் கற்பனைக் கோடே சேர்ந்து சாயும். அந்தச் சாய்வின் விளைவு தூரத்தோடு பெருகும். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட். அவ்வளவு சாய்ந்தாலே 3 மீட்டர் தூரத்தில் கோடு 14.5 மைக்ரான் விலகிவிடும். கட்டை இயந்திரத்தோடு நகரக் கூடாது, முப்பட்டகம்தான் நகர வேண்டும் என்ற விதி இதனால் வந்தது. மாற்றிப் பொருத்தினால் மேசையின் ஒவ்வொரு தலையாட்டலும் விலகலாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். விதிப்படியே பொருத்தினாலும் கட்டையைத் தாங்குவது பெரும்பாலும் ஒரு காந்த ஸ்டாண்டும் அதில் செருகிய ஒரு கம்பியும்தான். சற்று முன்புதான் அதைக் கையால் பிடித்துத் திருகி இறுக்கியிருப்பார்கள். கைச்சூடு ஒரு பக்கம் மட்டும் ஏறிய எஃகுக் கம்பி, சூடு ஆறும்வரை மெல்ல வளைந்துகொண்டே இருக்கும். அவசரக்காரர் முதல் ஓட்டத்தை அந்த நேரத்தில்தான் எடுப்பார். போகும் வழியில் ஒரு தடவையும் திரும்பும் வழியில் ஒரு தடவையும் அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் இந்த நகர்வு காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணாடியின் பிழைக்கு அழகான வைத்தியம் ஒன்று உண்டு. கட்டையை அதன் அச்சில் 180 டிகிரி சுற்றி, தலைகீழாக வைத்து மறுபடி அளக்க வேண்டும். கண்ணாடியின் கோணல் இப்போது எதிர்த்திசைக்குத் திரும்பியிருக்கும். இயந்திரத்தின் கோணல் இருந்த திசையிலேயே இருக்கும். இரு அளவுகளின் சராசரியில் கண்ணாடி மறைந்து இயந்திரம் மட்டும் எஞ்சும். கண்ணாடியைவிட நேரான வேறொரு பொருள் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சிந்தனையின் வேர் லேசரைவிட வெகு பழையது. 1840இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் ஜோசப் விட்வொர்த் சமதளத் தட்டுகள் செய்வதைப் பற்றிப் பேசினார். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துச் சுரண்டிக்கொண்டே போனால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் கச்சிதமாகப் பொருந்திவிடலாம். மூன்றாவதைச் சேர்த்து மூன்றும் ஒன்றுக்கொன்று எப்படி வைத்தாலும் பொருந்துமாறு செய்தால், மூன்றும் தட்டையாக இருந்தே தீர வேண்டும். தட்டைத்தன்மையை வெளியிலிருந்து கடன் வாங்காமல் ஒப்பீட்டாலேயே உண்டாக்கும் முறை அது. கட்டையைச் சுற்றி வைப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பத்து நிமிட வேலைதான். அப்படியிருந்தும் பல அளவீட்டு அறிக்கைகளில் கட்டை எந்த வாக்கில் இருந்தது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. எனக்கு இது புரியாத அலட்சியம்.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: ‘ஐந்து தடவை அளந்தேன், ஐந்தும் அரை மைக்ரானுக்குள் ஒத்துப்போயின. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?’ ஐந்து தடவையும் அதே கண்ணாடிதான் இருந்தது என்பதே பதில். கோணலான ஸ்கேலை வைத்து ஐந்து தடவை கோடு இழுத்தால் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று படியும், கோடு நேராகிவிடாது. அளவுகள் ஒத்துப்போகின்றன என்றால், ஆடிக்கொண்டே இருக்கும் பிழைகள் குறைவு என்று தெரிகிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிழையைப் பற்றி அது வாயே திறக்காது. அப்படிப்பட்டவற்றில் கண்ணாடியைவிடப் பொல்லாதது காற்று.

கோடைத் தார்ச்சாலையில் தெரியும் கானல்நீரைப் பார்த்தவர்களுக்குக் காற்று ஒளியை வளைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாலையை ஒட்டிய சூடான காற்று அடர்த்தி குறைந்தது, மேலே இருப்பது அடர்த்தி மிக்கது. ஒளி அடர்ந்த பக்கம் நோக்கி வளையும். இயந்திரக் கூடத்திலும் இதே இயற்பியல்தான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத சிறு அளவில். அறைவெப்பத்தில் காற்று ஒரு டிகிரி சூடேறினால் அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறைகிறது. உயரம் ஒரு மீட்டர் கூடும்போது வெப்பம் ஒரு டிகிரி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தகரக் கூரை போட்ட கூடத்தில் பிற்பகலில் இது பெரிய வேறுபாடு அல்ல. அந்தக் காற்றில் கிடையாகப் புறப்படும் கற்றை 2 மீட்டரில் 2 மைக்ரானும் 10 மீட்டரில் 50 மைக்ரானும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். பிழை தூரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. கருவி தயாரிப்பாளர்களின் விவரத்தாளிலேயே தூரத்தின் வர்க்கத்தோடு கூடும் ஒரு பகுதி இடம்பெறுகிறது. வளைந்த கோட்டின் இரு முனைகளையும் இணைத்துச் சாய்வைக் கழித்தபிறகும் 10 மீட்டரின் நடுவே 12 மைக்ரான் மிஞ்சும். ஒளிக்கும் தொய்வு உண்டு. கம்பியின் தொய்வைவிட மிகச் சிறியது, ஆனால் எவ்வளவு என்று சொல்ல எடையும் இழுவிசையும் போல இரண்டு எண்கள் நம் கையில் இல்லை. பாதை நெடுக ஒவ்வோர் இடத்திலும் வெப்பம் உயரத்தோடு எப்படி மாறுகிறது என்று தெரிந்தால்தான் கணக்கிட முடியும். பெட்டின் ஒரு முனையில் ஹைட்ராலிக் டேங்க் இருந்தால் அங்கே ஒரு கணக்கு, கதவருகே வேறு கணக்கு.

கொஞ்சம் இயற்பியல் தெரிந்தவர் இன்னும் கூர்மையான மறுப்போடு வருவார்: ‘கற்றை வளைவது, ஒளிப்புள்ளி எங்கே விழுகிறது என்று டிடெக்டரால் பார்க்கும் எளிய கருவிகளுக்குத்தான் பிரச்சினை. முப்பட்டக முறை திசையைப் பார்ப்பதே இல்லை, இரு பாதைகளின் நீளத்தைத்தானே ஒப்பிடுகிறது?’ கேட்க நியாயமாகவே படுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். செங்குத்து விலகலை அளக்கும்போது கற்றைகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செல்கின்றன. 2 மீட்டர் பாதையில் அவற்றின் இடைவெளி பூஜ்யத்தில் தொடங்கி 5.5 சென்டிமீட்டரில் முடிகிறது, சராசரி 2.75 சென்டிமீட்டர். மீட்டருக்கு ஒரு டிகிரி என்றால் மேல் கற்றை செல்லும் காற்று, கீழ்க் கற்றையின் காற்றைவிடச் சராசரியாக 0.0275 டிகிரி சூடு. 2 மீட்டரில் அது உண்டாக்கும் பாதை வேறுபாடு 0.055 மைக்ரான். அதை 36ஆல் பெருக்கினால் விடை 2 மைக்ரான், கற்றை வளைவதாக எடுத்துக்கொண்டபோது கிடைத்த அதே எண். கருவியை மாற்றியதால் காற்றிடமிருந்து தப்ப முடியவில்லை. நுழையும் வாசல்தான் மாறியது. 36ஆல் பெருக்கும் கருவிக்குப் பதில் 360ஆல் பெருக்கும் கருவியை வைத்தாலும் கற்றைகளின் இடைவெளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால் மறுபடி அதே விடைதான் வரும்.

கண்ணாடிக் கட்டையை மறுமுனைக்கு மாற்றி அளந்தால் பிழை எதிர்க்குறி பெற்று அடிபட்டுப் போகாதா? போகாது. ஒரு முனையிலிருந்து பார்த்தாலும் மறுமுனையிலிருந்து பார்த்தாலும் கீழ்நோக்கிய தொய்வு கீழ்நோக்கிய தொய்வுதான். கட்டையை 180 டிகிரி சுற்றி வைப்பதும் உதவாது, ஏனென்றால் கட்டையோடு சேர்ந்து காற்று தலைகீழாவதில்லை. காற்றுக்கு உள்ள வைத்தியம் வேறு வகையானது, முதலில் கேட்கும்போது முரணாகவும் தோன்றும். பாதை நெடுகச் சாதாரண மின்விசிறிகளை ஓடவிட வேண்டும். திரையில் எண் முன்பைவிட அதிகமாக ஆடும். பொறுமையில்லாதவர் விசிறியை உடனே அணைத்துவிடுவார். ஆனால் கலக்கப்பட்ட காற்றில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள நிலையான வெப்ப வேறுபாடு குலைந்துபோகிறது. எஞ்சுவது வேகமான நடுக்கம். சில விநாடிகள் சராசரி எடுத்தால் அது அடங்கிவிடும். அசையாத எண் அழகாக இருந்து பொய் சொல்வதைவிட, ஆடும் எண்ணின் சராசரி உண்மைக்கு அருகே நிற்பது மேல்.

இன்னொரு வழி காற்றையே அகற்றிவிடுவது. கலிஃபோர்னியாவில் 1960களில் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கியைக் கட்டியவர்கள் சுமார் 3 கிலோமீட்டருக்கு ஒரே நேர்கோடு பிடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு தூரத்தில் மீட்டருக்கு ஆயிரத்தில் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தாலே கற்றை 4.5 மில்லிமீட்டர் விலகிவிடும். அப்படிப்பட்ட சீரான காற்று உலகில் எங்கும் கிடையாது. ஆகவே முடுக்கியின் அடியில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குழாயை ஓடவிட்டு, அதிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றி, வெற்றிடத்தின் வழியே லேசரை அனுப்பினார்கள். வரிசை பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒளியைக் குவிக்கும் ஃப்ரெனல் தகடு ஒன்று கற்றையின் குறுக்கே வந்து நிற்கும், பிறகு விலகிக்கொள்ளும். முடுக்கியைத் தாங்கும் உத்திரமும் அந்தக் குழாயேதான். லிவர்மோர் ஆய்வுக்கூடம் 1980களில் கட்டிய, வைர முனையால் கடையும் மாபெரும் இயந்திரத்திலும் அளவுக் கற்றைகளை வெற்றிடப் பாதைகளில்தான் செலுத்தினார்கள். ஒளி நேராகச் செல்லும் என்ற பள்ளிப் பாடத்தை இவர்கள் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பாடம் மெய்யாகும் இடத்தைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

‘எங்கள் கூடத்துக்கு இதெல்லாம் எதற்கு? 3 மீட்டர் சர்ஃபேஸ் கிரைண்டருக்குச் சில மைக்ரான் காற்றுப் பிழை ஒரு பொருட்டா?’ என்பது கடைசி மறுப்பு. மற்றவற்றைவிட இதில் சாரம் அதிகம். அந்த அளவுக்குக் காற்றைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே வேறு இரண்டு விஷயங்கள் காற்றை விழுங்கிவிடும். ஒன்று, பெட்டே வளைவது. 60 சென்டிமீட்டர் உயரமுள்ள 3 மீட்டர் வார்ப்பிரும்புப் பெட்டின் மேல்தளம் அடித்தளத்தைவிட ஒரு டிகிரி சூடானால், பெட் நடுவில் சுமார் 20 மைக்ரான் புடைத்துக்கொள்ளும். இதைக் காட்டும் லேசர் பொய் சொல்லவில்லை. காலையில் இருந்த இயந்திரம் மாலையில் இல்லை, அவ்வளவுதான். அளந்த நேரம் குறிக்கப்படாத அறிக்கை எந்த இயந்திரத்தைப் பற்றியது என்றே சொல்ல முடியாது.

இன்னொன்று, அளக்கும் இடம். 1890இல் எர்ன்ஸ்ட் அபே நீள அளவீட்டுக்கு ஒரு நியதி சொன்னார்: அளவுகோலும் அளக்கப்படுவதும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். 1979இல் லிவர்மோரைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரையன் அதை நேர்த்தன்மைக்கும் விரித்தார். எந்தப் புள்ளியின் ஓட்டம் முக்கியமோ அந்தப் புள்ளிக்கு நேரே அளக்க வேண்டும்; முடியாவிட்டால் மேசை ஓடும்போது அதன் கோணம் எவ்வளவு மாறுகிறது என்று தனியாக அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும். அரைக்கும் சக்கரம் வேலைப்பொருளைத் தொடும் இடம் ஒன்று; முப்பட்டகத்தை வசதியாகப் பொருத்த மேசையில் கிடைத்த இடம் அரை மீட்டர் தள்ளி வேறொன்று. ஓட்டத்தில் மேசை ஒரு ஆர்க் செகண்ட் சாய்ந்தால் இந்த இரு இடங்களின் விலகலும் 2.4 மைக்ரான் வேறுபடும். லேசர் தான் நிறுத்தப்பட்ட இடத்தைப் பற்றி உண்மையைச் சொல்லும். அந்த இடத்தில் எந்தப் பொருளும் அரைபடுவதில்லை.

சில மீட்டருக்கு மேற்பட்ட இயந்திரங்களில் காற்றின் விஷயத்தில் நான் செய்த விட்டுக்கொடுப்பும் செல்லாது, ஏனென்றால் இன்று அளவீடு காகிதத்தில் நிற்பதில்லை. அளந்த விலகலைக் குறி மாற்றி சிஎன்சி கன்ட்ரோலருக்குள் நேர்த்தன்மைத் திருத்தமாக ஏற்றிவிடுகிறார்கள். 10 மீட்டர் பிளானோ மில்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்; அதன் ஓட்டம் உண்மையிலேயே நேரானது என்றும் வைத்துக்கொள்வோம். கூரைச் சூடு இறங்கிய பிற்பகலில் கற்றை கீழ்நோக்கித் தொய்கிறது. தொய்ந்த கற்றையிலிருந்து பார்த்தால் ஓட்டத்தின் நடுப்பகுதி 12 மைக்ரான் குழிந்ததாகத் தெரியும். கன்ட்ரோலர் சொன்னதைக் கேட்டு நடுவில் 12 மைக்ரான் தூக்கிக்கொடுக்கும். அன்றிலிருந்து அந்த இயந்திரம் அந்தப் பிற்பகலின் காற்றை ஒவ்வொரு வேலைப்பொருளிலும் செதுக்கிக்கொண்டிருக்கும், விடிகாலைக் குளிரிலும்கூட. திருத்தம் சரியாக ஏறியதா என்று பார்க்க அதே லேசரை அதே வேளையில் வைத்து அளப்பார்கள். திரையில் பூஜ்யம் வரும், ஐந்து தடவையும்.